அட்டைக் குழாயும் ஆகாயமும்

ஏழை ஒருவன் தன் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய பொருள்களின் ஜாபிதாவில் தூரதிருஷ்டிக் கண்ணாடியையும் சேர்க்கலாம் என்று சொன்னால், நம்மில் பலர் ஒப்பமாட்டார்கள். அது மலையுச்சியில், சர்க்கார் செலவில், பட்டம் பெற்ற பண்டிதர்களின் பொறுப்பில் இருக்கவேண்டிய வஸ்து என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் தவறானது. கட்டடத் தூண்களுக்குக் கான்கிரீட் வார்க்க உதவும் அட்டைக் குழாய் இரண்டு, தேய்த்து மெருகிட்ட கண்ணாடி வட்டு இரண்டு, சமதளமான சிறு கண்ணாடிகள் நான்கு, கொஞ்சம் ஒட்டுப்பலகை, சில திருகுகள் ஆகிய இவற்றைக் கொண்டு, இரு கண்களாலும் ஒருங்கே பார்க்கக்கூடிய பெரியதொரு தூரதிருஷ்டிக் கண்ணாடியை வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிடலாம். பல தேசங்களில் சாதாரண மனிதர்கள் செய்தும் இருக்கிறார்கள். அது எப்படி இயலுகிறது, அதனால் லாபம் என்ன, நஷ்டம் என்ன, அந்த முயற்சியை நாம் ஏன் மதிக்கவேண்டும் என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த வருஷத்தின் இரண்டு தீர்ப்புகள்

1608-ம் வருஷம் அக்டோபர் மாதம், ஹாலந்து தேசத்தில் மூக்குக்கண்ணாடி செய்து பிழைத்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்பவர், தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும் கருவி ஒன்றைச் செய்து, அதைச் செய்து விற்கும் உரிமை தமக்கே வேண்டும் என்று அத்தேசத்து ஆட்சிமன்றத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டார். கருவியைப் பார்த்து மகிழ்ந்த மன்றத்தினர், ஒற்றைக் கண்ணால் பார்ப்பது போதாது, இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி செய்து தரவேண்டும் என்று கேட்டார்கள். லிப்பர்ஷே அவ்வாறே செய்து கொடுத்தார். அதற்குரிய பணத்தையும் பெற்றார். ஆனால் அவர் கேட்ட ஏகபோக உரிமை மட்டும் கிடைக்கவில்லை. இந்த வித்தை வேறு பலருக்கும் தெரிந்திருக்கிறது என்று சொல்லி மன்றத்தார் மறுத்துவிட்டார்கள்.

ஆகவே, தூரதிருஷ்டிக் கண்ணாடி உலகத்துக்குத் தெரியவந்த அந்த வருஷத்திலேயே இரண்டு நியாயங்கள் நிலைநாட்டப்பட்டன. மனிதனுக்குக் கண் இரண்டு இருக்கையில் கருவியும் இரண்டுக்கும் உதவவேண்டும் என்பது ஒன்று. இந்த வித்தை எந்த ஒருவருடைய தனிச் சொத்தும் அல்ல என்பது மற்றொன்று. பின்னால் வந்த நாலு நூற்றாண்டுகளில் முதல் நியாயத்தைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். இரண்டாவதை மறக்காமல் காத்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய வரலாறுதான் நம் விஷயத்துக்கு உயிர்.

லென்ஸை விட்டுக் கண்ணாடிக்கு

லிப்பர்ஷேயின் கருவியில் ஒளியைச் சேர்த்தது லென்ஸ். லென்ஸின் வழியே செல்லும் ஒளி நிறம் நிறமாகப் பிரிவதால், அக்காலத்துக் கருவிகளில் நக்ஷத்திரத்தைச் சுற்றி வானவில்லின் சாயல் தோன்றியது. இக்குறையைப் போக்க 1668-ல் நியூட்டன் வேறொரு மார்க்கத்தைக் கைக்கொண்டார். லென்ஸுக்குப் பதிலாகக் குழிந்த முகக்கண்ணாடி ஒன்றைக் குழாயின் அடியில் வைத்து, அது திருப்பியனுப்பும் ஒளியைச் சாய்வாக வைத்த மற்றொரு சிறு கண்ணாடியால் பக்கவாட்டில் வெளியே கொண்டுவந்தார். பிரதிபலிக்கும் ஒளியில் நிறங்கள் பிரிவதில்லை. அக்கருவி ஏறத்தாழ 6 அங்குல நீளமே இருந்தது. உலோகத்தை வார்த்தவரும் மெருகிட்டவரும் நியூட்டனே என்பதைக் கவனிக்கவேண்டும். அவர் கூலிக்கு ஆள் வைக்கவில்லை.

அதற்கு நூறு வருஷங்களுக்குப் பின், இங்கிலாந்தில் பாத் நகரத்தில் சங்கீதம் கற்பித்து ஜீவனம் செய்துவந்த வில்லியம் ஹெர்ஷலும் இவ்வழியில் இறங்கினார். கடையில் கிடைத்த கருவிகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்து வீட்டிலேயே உலோகம் வார்த்து, இரவு பகலாகத் தேய்த்தார். ஒரு தடவை பதினாறு மணி நேரம் கையை எடுக்காமல் மெருகிட்டார் என்றும், அவருடைய தங்கை கரோலின் அருகிலிருந்து உணவை வாயில் ஊட்டினார் என்றும் அறிகிறோம். இவ்வாறு தம் கையால் செய்த, 6 அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த அகலமுள்ள கண்ணாடியைக் கொண்டுதான் 1781-ம் வருஷம் மார்ச்சு 13-ந் தேதி யுரேனஸ் கிரகத்தை அவர் கண்டார். சரித்திரம் எழுதப்பட்ட நாள் முதல் மனிதர் அறிந்திருந்த கிரகங்களுடன் புதிதாக ஒன்றைச் சேர்த்தவர், தம் கருவியைத் தாமே செய்துகொண்ட ஒரு சங்கீத வாத்தியார்!

தேய்ப்பதன் ரகசியம்

இவ்வளவு நுட்பமான பொருளைக் கையால் செய்வது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். பதில் வியப்பானது: பொருள் நுட்பமானது, ஆனால் வேலை எளியது.

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி வட்டுகளை எடுத்து, ஒன்றைப் பலகையின்மேல் பொருத்துகிறார்கள். அதன்மேல் கார்பொரண்டம் பொடியும் தண்ணீரும் இட்டு, மற்றொரு வட்டை மேலே வைத்து முன்னும் பின்னுமாகத் தள்ளித் தேய்க்கிறார்கள். தேய்ப்பவர் பலகையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார். மேல் வட்டையும் அடிக்கடி திருப்புவார். நாளடைவில் மேல் வட்டின் நடு குழிகிறது. கீழ் வட்டின் விளிம்பு தேய்ந்து அது புடைக்கிறது. எல்லாத் திசைகளிலும் நகர்ந்தும் எங்கும் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழியும் ஒரு புடைப்பும் கோளத்தின் பகுதியாகத்தான் இருக்கமுடியும். வேறு வடிவம் இயலாது. எனவே கோளத்தை உண்டாக்குவது தேய்ப்பவனுடைய சாமர்த்தியம் அன்று, இயற்கையின் கட்டாயம். பொறுமையுள்ள எவனுக்கும் அது கைகூடும்.

கணக்காகச் சொல்வோம். 8 அங்குல அகலமும் 48 அங்குலக் குவிதூரமும் உள்ள கண்ணாடியில் நடுப்பள்ளம் ஓர் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். பொடியை வரவர நுண்மையாக்கிக்கொண்டு போய், இறுதியில் கீல் பூசிய வட்டின்மேல் ஸீரியம் ஆக்ஸைடு இட்டு மெருகேற்றவேண்டும். பிறகு, கோளமாக இருப்பதைப் பரவளைய வடிவமாக்கவேண்டும். இதற்கு நீக்கவேண்டிய கண்ணாடியின் கனம் ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய அளவை அறிவது எப்படி? 1850-களின் இறுதியில் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி லியோன் பூக்கோ அதற்கு வழி காட்டினார். ஊசித் துளை வழியே வரும் விளக்கொளியைக் கண்ணாடியின்மேல் விழச்செய்து, அது திரும்பிவந்து குவியும் இடத்தில் க்ஷவரக் கத்தியின் அலகைக் குறுக்கே நகர்த்தினால், கண்ணாடியின் மேடுபள்ளங்கள் நிழலும் ஒளியுமாகப் பெரிதாய்த் தெரிகின்றன. கண்ணாடியின்மேல் விரலைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால், அந்தச் சூட்டினால் உப்பிய இடம்கூட ஒரு குன்றைப்போலத் தோன்றும். ஒரு விளக்கு, ஓர் ஊசித் துளை, ஓர் அலகு ஆகிய இவையே அந்தப் பரிசோதனைச் சாலை.

ஒன்றை மறைக்கக்கூடாது. மெருகிட்ட கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு இடுவதற்குக் காற்றகற்றிய பெட்டி தேவை. அது திண்ணையில் நடக்கும் காரியம் அல்ல. அதற்கு மட்டும் தொழிற்சாலையை நாடவேண்டும்.

தொழிலாளரும் துறவியும்

அமெரிக்காவில் வெர்மாண்ட் ராஜ்யத்தில் ஸ்பிரிங்பீல்ட் என்பது யந்திரக் கருவிகள் செய்யும் சிறு பட்டணம். 1920-ல் அங்கே ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் கண்ணாடி தேய்க்கும் வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். 15 ஆண்களும் ஒரு பெண்ணும் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். பகலில் பட்டறையில் உழைத்து, மாலையில் தங்கள் சொந்தக் கண்ணாடிகளைத் தேய்த்தார்கள். 1925-ல் ‘ஸயண்டிபிக் அமெரிக்கன்’ பத்திரிகை இவர்களைப்பற்றி எழுதிய பின், அந்த ஆர்வம் தேசமெங்கும் பரவியது. தொழிலாளருக்குப் பாடம் சொன்ன அதே போர்ட்டர், பிற்காலத்தில் பாலோமர் மலையில் நிறுவிய 200 அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடியின் அமைப்பு வேலையிலும் பங்குகொண்டார். பட்டறைக்கும் மலையுச்சிக்கும் இடையே நாம் கற்பித்துக்கொண்டிருக்கும் தூரம் அவ்வளவு பெரிதல்ல.

அட்டைக் குழாயின் பெருமையோ ஜான் டாப்ஸன் என்பவரைச் சேரும். 1915-ல் பீக்கிங் நகரில் பிறந்து, கலிபோர்னியாவில் ரசாயன சாஸ்திரம் கற்ற இவர், 1944-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். 1900-ல் சுவாமி விவேகானந்தர் நிறுவிய சங்கம் அது. பிரபஞ்சத்தைப்பற்றி விசாரிக்கும் துறவிக்கு அதைக் கண்ணால் பார்க்கும் ஆசை எழுந்தது இயல்பே. கையில் காசில்லை. ஆகவே கப்பல் ஜன்னல்களிலிருந்து கழித்த தடித்த கண்ணாடியைத் தேய்த்தார். கான்கிரீட் வார்க்கும் அட்டைக் குழாயைக் கருவியின் உடலாக்கினார். பலகைப் பெட்டி ஒன்று செய்து, பீரங்கியைத் தாங்குவதுபோல் அதைத் தாங்கவைத்தார். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும்.

தாம் கண்டதை எல்லோரும் காணவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மடத்துக்கு வெளியே கருவியை உருட்டிக்கொண்டுபோய்த் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் சந்திரனையும் சனியையும் காட்டினார். இது மடத்தின் ஒழுங்குக்குப் பொருந்தவில்லை. நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் தூரதிருஷ்டிக் கண்ணாடியை ஒரு பூச்செடியின் பெயரால் குறிக்கவேண்டியிருந்தது. செடி தொட்டியில் இருக்கிறது என்றால் குழாயும் பெட்டியும் தயார். செடி பூத்துவிட்டது என்றால் கண்ணாடிக்குப் பூச்சு ஏறிவிட்டது என்று அர்த்தம். முடிவில் 1967-ல் அவரை மடத்தைவிட்டு வெளியேற்றினார்கள். 23 வருஷம் இருந்த இடத்தை இழந்தவர், தம் கருவியை விடவில்லை. அடுத்த வருஷமே நடைபாதை வானநோக்கர் சங்கத்தைத் தோற்றுவித்து, தெருமுனைதோறும் நின்று, கட்டணமின்றி வானத்தைக் காட்டினார். தம் அமைப்புக்கு ஏகபோக உரிமை கோரவில்லை. இன்று உலகமெங்கும் தொழிற்சாலைகள் அந்த அமைப்பைச் செய்து விற்கின்றன. 2014-ம் வருஷம் ஜனவரி மாதம் தமது 98-வது வயதில் அவர் காலமானார். லிப்பர்ஷேக்கு ஆட்சிமன்றம் மறுத்த உரிமையை, டாப்ஸன் தாமாகவே வேண்டாம் என்று விட்டுவிட்டார். இரண்டிலும் லாபம் அடைந்தது உலகம்.

இரண்டு குழாயின் கணக்கு

இனி, இரண்டு குழாய்கள் எதற்கு என்பதைப் பார்ப்போம். 8 அங்குலக் கண்ணாடி இரண்டு சேர்ந்து சேகரிக்கும் ஒளி, 11 அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த ஒரே கண்ணாடி சேகரிக்கும் ஒளிக்குச் சமம். ஆனால் லாபம் அத்துடன் நிற்பதில்லை. மங்கலான பொருளை இரு கண்களாலும் பார்க்கையில், அதன் மங்கல் வேற்றுமையை உணரும் சக்தி ஒற்றைக் கண்ணுக்கு உள்ளதைவிட நூற்றுக்கு நாற்பது பங்கு மிகுகிறது என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. மேலும் ஒவ்வொரு கண்ணிலும் பார்வையற்ற புள்ளி ஒன்று உண்டு. ஒரு கண்ணுக்குத் தெரியாததை மற்றது நிரப்பிவிடுகிறது. ஒரு கண்ணை இடுக்கிக்கொள்ளும் சிரமம் இல்லாமையால் நெடுநேரம் பார்த்தாலும் களைப்பு இல்லை. சந்திரன் ஒரு உருண்டையாகவே தொங்குவதுபோல் தோன்றும் என்று பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். இது மனத்தின் தோற்றமே. 3,84,400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொருளைப் பொறுத்தவரை இரண்டு குழாய்களுக்கும் இடையிலுள்ள சில அங்குலம் எம்மாத்திரம்! எனினும் தோற்றத்தின் இன்பம் பொய்யல்ல.

இந்த இன்பத்துக்கு விலை உண்டு. எல்லாவற்றையும் இரண்டாகச் செய்யவேண்டும் என்பது மட்டுமல்ல. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். கண்ணாடிகளின் குவிதூரம் வேறுபட்டால் ஒரு கண்ணில் பிம்பம் பெரிதாகவும் மறு கண்ணில் சிறிதாகவும் தெரியும். மனம் இரண்டையும் ஒன்றாக்க மறுத்துவிடும். நூற்றுக்கு ஒரு பங்குக்குமேல் வேற்றுமை இல்லாதிருப்பது நலம். 48 அங்குலக் குவிதூரத்தில் இது அரை அங்குலத்துக்கும் குறைவு. ஆகவே இரண்டு வட்டுகளையும் மாற்றி மாற்றித் தேய்த்து, அடிக்கடி அளந்து வரவேண்டும்.

இரண்டு குழாய்களிலிருந்தும் வரும் ஒளியைக் கண்ணிடைத் தூரத்துக்குக் கொண்டுவருவது அடுத்த வேலை. மனிதர்களின் கண்மணிகளுக்கு இடையே பெரும்பாலும் 60 முதல் 65 மில்லிமீட்டர் தூரமே உண்டு. 8 அங்குலக் குழாய்கள் அவ்வளவு நெருங்கமுடியாது. எனவே ஒவ்வொரு குழாயிலும் சாய்ந்த கண்ணாடி ஒளியை வெளியே திருப்பிய பிறகு, மற்றொரு சாய்ந்த கண்ணாடி அதை மறுபடியும் திருப்புகிறது. பார்ப்பவர் பெரும்பாலும் நக்ஷத்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருப்பது இந்த அமைப்பின் வேடிக்கை. ஒளி செல்லவேண்டிய வழி நீளுவதால், குழாய்க்குள் இருக்கும் சாய்ந்த கண்ணாடியும் சற்றுப் பெரிதாக வேண்டும். அந்த அளவுக்கு வரும் ஒளியை அது மறைக்கும். ஆளுக்கு ஆள் கண்ணிடைத் தூரம் வேறுபடுவதால், ஒரு பக்கமாவது நகரும்படி இருக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது இரண்டு குழாய்களையும் ஒரே திசையில் நிறுத்துவது. 48 அங்குல நீளத்தில் ஒரு குழாய் ஓர் அங்குலத்தில் எழுபதில் ஒரு பங்கு சாய்ந்தால் போதும். 50 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியில் அந்தப் பிழை, முழு நிலவின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும். பக்கவாட்டுப் பிழையைக் கண்கள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மேல் கீழ்ப் பிழையை அநேகமாகப் பொறுப்பதில்லை. இங்கேதான் அட்டை நம்மைச் சோதிக்கிறது. அது இலேசானது, மலிவானது, வாளால் அறுக்கலாம், சூட்டையும் குளிரையும் எளிதில் கடத்தாது. ஆனால் பனி பட்டால் உப்பும், பாரத்தால் தொய்யும். ஆகவே உள்ளும் புறமும் வர்ணம் பூசி, உட்புறத்தை மினுமினுப்பில்லாத கறுப்பாக்கி, இரு முனைகளிலும் பலகை வளையமிட்டு, இரண்டு குழாய்களையும் ஒரே பெட்டியில் இறுகப் பிணைக்கவேண்டும். அப்படியும் எஞ்சும் பிழையை ஒவ்வோர் இரவும் திருகுகளால் திருத்திக்கொள்ளவேண்டும். இரண்டாகத் தெரியும் நக்ஷத்திரம் ஒன்றாகும்போது வேலை முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. எந்தத் தூரதிருஷ்டிக் கண்ணாடியையும், முன்புறம் தக்க வடிகட்டியின்றிச் சூரியனை நோக்கித் திருப்பலாகாது. ஒற்றைக் குழாய் ஒரு கண்ணைப் பறிக்கும். இது இரண்டையும் பறித்துவிடும். சிறுவர்கள் உள்ள வீட்டில் பகலில் கருவியை மூடியே வைக்கவேண்டும்.

நமது அபிப்பிராயம்

இவ்வளவு பாடுபடுவானேன், யந்திரத்தில் தேய்த்த கண்ணாடிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே, ஒரே பெரிய கண்ணாடி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நுண்ணிய விவரங்களைப் பிரித்துக் காட்டுவதில் ஒரே பெரிய கண்ணாடி, இரண்டு சிறியவற்றைவிட மேலானது, அமைப்பும் எளிது. கண்ணாடியை விலைக்கு வாங்கிக் குழாயையும் பெட்டியையும் மட்டும் தாமே செய்துகொள்பவர்களையும் நாம் குறைவாக எண்ணவில்லை. முதன்முதலாக இத்துறையில் புகுகிறவர் இரட்டைக் குழாயில் கைவைக்காமல் ஒற்றைக் குழாயுடன் தொடங்குவதே உசிதம் என்பதும் நமது அபிப்பிராயம். ஒன்றைச் சரியாகச் செய்தவர்க்கு இரண்டாவது எளிதாகும். இரண்டையும் இணைக்கும் பொறுமையும் அதற்குள் வந்திருக்கும்.

ஆனால் விலைக்கு வாங்கியவனுக்குக் கிடைப்பது காட்சி. செய்தவனுக்குக் காட்சியுடன் காரணமும் கிடைக்கிறது. லட்சத்தில் ஒரு பங்கு அங்குலத்தைத் தன் கையால் அறிந்தவன், சாஸ்திரிகள் சொல்வதை வாய் பிளந்து கேட்கமாட்டான், அலட்சியமும் செய்யமாட்டான். அளந்து பார்ப்போம் என்பான். ஜனங்களுக்கு இந்தக் குணத்தைவிட வேண்டியது வேறென்ன?

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கு 1986-ல் வைணு பாப்புவின் பெயரிட்டார்கள். அதன் பெரிய கண்ணாடியைத் தேய்த்து உருக்கொடுத்தது பெங்களூரில், நம் நாட்டவர் கைகளே. அமெரிக்காவில் அரிஸோனாவின் கிரஹாம் மலையிலோ 8.4 மீட்டர்க் கண்ணாடி இரண்டை ஒரே தாங்கியில் அருகருகே நிறுத்தி வானத்தை ஆராய்கிறார்கள். 1608-ல் ஆட்சிமன்றத்தார் கேட்ட இரண்டு கண் அங்கே மலையளவாக வளர்ந்திருக்கிறது. அவற்றுக்கும் நம் அட்டைக் குழாய்க்கும் அளவில்தான் பேதம், தத்துவத்தில் இல்லை.

ஓர் ஊரின் வாசகசாலையில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கண்ணாடி தேய்க்கலாம். இருபது பேர் சேர்ந்தால் இரண்டு. செலவு பகிர்ந்தால் பாரமாகாது. தேய்த்து முடித்ததும் அதைப் பூட்டி வைக்காமல் தெருமுனையில் நிறுத்தி, வண்டிக்காரருக்கும் கூலிக்காரருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சனியின் வளையத்தைக் காட்டவேண்டும். பத்திரிகை படிப்பவர்கள் பிறருக்குச் செய்யக்கூடிய தொண்டுகளில் இதுவும் ஒன்று. இரவு எல்லோருக்கும் பொது, வானமும் அப்படியே. அதைக் காண ஒரு குழாயும் கொஞ்சம் உழைப்புமே குறைவாக இருக்கின்றன.